குழந்தையைக் காப்பாற்ற வீட்டோடு கைகோக்க வேண்டுமா? டாக்டர் சௌந்தரம் காட்டிய வழி

ஒரு வீட்டில் குழந்தைக்குச் சரியான கவனிப்பு இல்லை என்று தகவல் வருகிறது. களப்பணியாளர், டாக்டர், டீச்சர் எனப் பலரும் வந்து பேசுகிறார்கள். அவர்கள் அம்மாவோடு சேர்ந்து வேலை பார்த்தார்களா, இல்லை அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு முடிவெடுத்தார்களா? இதை அளக்க முடியுமா?

இன்றைய குழந்தை நலத் துறையின் பெரிய கேள்வி இது. ஆனால், தல்லாகுளம் காந்தி அருங்காட்சியகத்திலிருந்து திண்டுக்கல் பக்கமாகச் சுமார் 50 கி.மீ. போனால், இந்தக் கேள்வியைத் தன் வேலையின் மையத்தில் வைத்துக்கொண்ட ஒருவரின் ஊர் வரும். ஊர் காந்திகிராமம். அவர் டாக்டர் டி.எஸ்.சௌந்தரம்.

யார் இந்த சௌந்தரம்?

மதுரையின் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். 1904 ஆகஸ்ட் 18-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். மருத்துவரான கணவர் சௌந்தரராஜன் சீக்கிரமே இறந்துபோனார். கைம்பெண் என்றால் வீட்டு மூலைதான் என்றிருந்த காலம். இவருக்கோ பெற்றோர் துணை நின்றார்கள். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டரானபோது வயது 32. குடும்பம் கூட நின்றால் ஒரு வாழ்க்கை எப்படி மாறும் என்பதற்கு அவரே சாட்சி.

1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மணந்தார். சாதி கடந்த மறுமணம் அது. கிராமத்துப் பெண்கள், குழந்தைகளுக்காக உருவான கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தென்னிந்தியப் பணி பின்னர் அவரிடம் வந்தது.

இரண்டு படுக்கையில் என்ன நடந்தது?

1947-ல் நெசவாளர் ஊரான சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் தொடங்கியது. அவரது மருத்துவமனை முதலில் இரண்டு படுக்கைதான். இன்று அது கஸ்தூர்பா மருத்துவமனை.

பிரசவம் பார்த்து அனுப்பிவிட்டால் டாக்டர் வேலை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் வருமானம் இல்லையென்றால் குழந்தை மறுபடி நோயோடுதானே வரும்? அதனால் மருத்துவத்தோடு ஆதாரக் கல்விப் பள்ளி, கதர், கிராமத் தொழில், பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி என்று எல்லாம் ஒரே இடத்தில் வளர்ந்தன. யாருமே இல்லாத குழந்தைகளுக்கு சௌபாக்யா இல்லம் உருவானது. குடும்பம் இருக்கிற குழந்தைக்கு அந்தக் குடும்பத்தையே தாங்கிப் பிடிப்பது, இல்லாத குழந்தைக்கு இல்லம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாததுதான் முக்கியம்.

அளவுகோல் எங்கே வருகிறது?

ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் 1959-ல் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊர் முக்கியஸ்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறப்புகளைக் கணக்கெடுத்து, வேலை பலிக்கிறதா என்று பார்த்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1964-ல் காந்திகிராமத்தில் ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனம் உருவானது.

பிறப்பை எண்ணலாம், படுக்கையை எண்ணலாம். நம்பிக்கையை எப்படி எண்ணுவது? இப்போது செய்யும் வழி எளிமையானது: ஒரே கேள்வியை ஊழியரிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேட்பது. திட்டம் போடும்போது உங்களைக் கேட்டார்களா? டாக்டரும் டீச்சரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்களா? சொன்ன உதவி வந்ததா? ஊழியர் ஆமாம் என்றும் அம்மா இல்லை என்றும் சொன்னால், பிரச்சினை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

2015 இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்கிறது. மிஷன் வாத்சல்யாவில், தகுதியுள்ள குழந்தை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் உண்டு. ஆனால் அம்மாவைக் கேட்காமல் நிரப்பிய படிவம் வெறும் காகிதம்தான். வறுமையை அலட்சியம் என்று தப்பாகப் படித்துவிட்டால், ஒரு குழந்தை தேவையே இல்லாமல் வீட்டைப் பிரியும்.

சௌந்தரம் 1952, 1957-ல் சட்டமன்றத்துக்கும், 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்வானார். மத்திய கல்வித் துணை அமைச்சரானார். அதே 1962-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1984 அக்டோபர் 21-ல் காலமானார். அந்த இரண்டு படுக்கை மருத்துவமனைக்கு இன்றும் தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்துகொண்டிருக்கிறார்கள்.