உயிர் காக்கும் மருந்துகளைத் தந்த டாக்டர் சுப்பாராவ்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரு முறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அதைவிடப் பெரிய துயரம் வீட்டில் நேர்ந்தது. ‘ஸ்புரூ’ என்னும் வயிற்றுப்போக்கு நோய், சில நாட்களுக்குள் சகோதரர் இருவரைக் கொண்டுபோயிற்று. அவரையும் பிடித்தது, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். அந்த நோயின் மூலத்தைக் கண்டே தீருவது என்று கடல் கடந்து ஹார்வர்டுக்குச் சென்றார்.

இரத்தத்தில் பாஸ்பரசை அளக்க அவரும் பிஸ்கேயும் 1925-ல் கண்ட முறை உலகப் புகழ் பெற்றது. தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை 1929-ல் பிரித்தெடுத்தனர். இருந்தும் ஹார்வர்டில் நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய குழு, போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரரைப் பறித்த ஸ்புரூவுக்கு அதுவே மருந்தாயிற்று! அந்தச் சத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அக்குழு உருவாக்கியது. அதைக் கொடுத்தபோது இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சிலர் தற்காலிகமாகத் தேறியதை, பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர் 1948 ஜூனில் வெளியிட்டார். இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை.

போலிக் அமிலத்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? செல் பெருக நியூக்ளிக் அமிலங்கள் வேண்டும். அவற்றைக் கட்ட இந்தச் சத்து வேண்டும். ஆர்.என்.ஏ. மீது ஒட்டும் ‘மீத்தைல்’ என்னும் சிறு இரசாயன முத்திரைக்கும் இதுவே ஓரளவு மூலப்பொருள் தருகிறது. அந்த முத்திரையைக் குத்தும் மெட்டில்-3 என்ற நொதி, நுரையீரல் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தூண்டுவதாக 2016-ல் விஞ்ஞானிகள் கண்டனர். நுரையீரல் புற்றில் ஒரு வகைக்கு இன்று கொடுக்கப்படும் பெமட்ரெக்சட் மருந்தும் சுப்பாராவ் காட்டிய வழியில் வந்ததே. அதன் கடுமையைத் தணிக்க நோயாளிக்குப் போலிக் அமிலமும் சேர்த்துத் தருவது விந்தை!

சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் அரசு ஆஸ்பத்திரிகளிலும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு அதே போலிக் அமில மாத்திரை கிடைக்கிறது. அதை விழுங்கும் தாய்மாருக்கு அவர் பெயர் தெரியாமலிருக்கலாம். பலனை மட்டும் அவர்கள் அடைந்து வருகிறார்கள்.