மொழி தேடி வந்த மக்லாய்

ஜொகூர் மாநிலத்தின் வரைபடத்தைப் பாருங்கள். மேற்குக் கரையில் மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கிழக்குக் கரையில் எண்டாவ் ஆறு தென்சீனக் கடலைச் சென்றடைகிறது. இன்று ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நெடுஞ்சாலை வழியாகச் சில மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சாலை இல்லை. அடர்ந்த காடும் சதுப்பு நிலமும் ஆறுகளுமே இருந்தன. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த காலத்தில், படகிலும் கால்நடையாகவும் அந்தக் காட்டைக் கடந்தார் ஓர் இளைஞர். ஈயத்தையோ பொன்னையோ தேடி அவர் வரவில்லை. காட்டில் வாழ்ந்த மக்களையும் அவர்களது நாவில் எஞ்சியிருந்த பழைய சொற்களையும் தேடி வந்தார். அவர்தாம் ரஷ்ய நாட்டு அறிஞர் நிக்கோலாய் மிக்லுகோ மக்லாய்.

மக்லாய் 1846ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ரஷ்யாவின் நோவ்கரோத் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை இரயில் பாதை அமைக்கும் பொறியாளர். மக்லாயின் 11ஆம் வயதில் தந்தை மறைந்தார். தாயார் சிரமப்பட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, மாணவர் கிளர்ச்சியில் ஈடுபட்டதற்காக 1864இல் மக்லாய் வெளியேற்றப்பட்டார். ஆயினும் அவர் துவண்டுவிடவில்லை. ஜெர்மனிக்குச் சென்று ஹைடல்பர்க், லைப்சிக், யேனா ஆகிய நகரங்களில் மருத்துவமும் உயிரியலும் பயின்றார். புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கலுக்கு உதவியாளராகவும் இருந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் சிலர், மனித இனங்களுள் சில உயர்ந்தவை, சில தாழ்ந்தவை என்று எழுதி வந்தனர். அவர்களுள் பலர் தாம் எழுதிய மக்களை நேரில் கண்டதே இல்லை. பயணிகளும் மாலுமிகளும் சொன்ன செய்திகளைக் கொண்டே முடிவு கட்டினர். மக்லாய்க்கு இம்முறை ஏற்புடையதாகப் படவில்லை. ஒரு மக்களைப் பற்றி எழுத வேண்டுமானால் அவர்களிடையே வாழ வேண்டும். அவர்களுடைய மொழியைக் கற்க வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே, ஐரோப்பியர் அதிகம் அறியாத நியூ கினித் தீவின் வடகிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்தார்.

1871ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 'வித்யாஸ்' என்னும் ரஷ்யப் போர்க்கப்பல் அவரை அஸ்த்ரோலாப் விரிகுடாவில் இறக்கிவிட்டது. அவருடன் சுவீடன் நாட்டு மாலுமி ஒருவரும் பசிபிக் தீவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் இருந்தனர். கப்பல் புறப்பட்டுச் சென்றபின் அந்தக் கரையில் அவர்களுக்கு வேறு துணை இல்லை. சில மாதங்களுக்குள் அந்த இளைஞர் நோயால் இறந்தார். மக்லாயையும் குளிர்காய்ச்சல் விடாமல் வாட்டியது.

அங்கிருந்த சிற்றூர் மக்கள் அவரைக் கண்டு அஞ்சினர். ஒரு நாள் துப்பாக்கி ஏதுமின்றி, குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குள் தனியாகச் சென்றார். ஆண்கள் வில்லும் ஈட்டியுமாகச் சூழ்ந்து நின்றனர். சில அம்புகள் அவரை ஒட்டிப் பறந்தன. மக்லாய் ஓடவும் இல்லை. கை ஓங்கவும் இல்லை. ஒரு பாயை விரித்துப் படுத்து உறங்கிவிட்டார். கண்விழித்தபோது மக்கள் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அஞ்சாமல் உறங்கும் மனிதரிடம் தாம் அஞ்ச வேண்டியதில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

அன்று தொடங்கிய நட்பு மெல்ல மெல்ல வேர்விட்டது. கொரெண்டு என்னும் ஊரைச் சேர்ந்த துய் என்பவர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். துய் மீது மரம் விழுந்து தலையில் பலத்த காயம் ஏற்பட்டபோது, மக்லாய் நாள்தோறும் சென்று மருந்திட்டார். மக்கள் அவரை நிலவிலிருந்து வந்த மனிதர் என்று அழைத்தனர். அவர் சொன்ன சொல் தவறமாட்டார் என்பது ஊர் ஊராகப் பரவியது.

மொழியைக் கற்பது எளிதாக இருக்கவில்லை. அகராதி இல்லை, மொழிபெயர்ப்பாளரும் இல்லை. ஒரு பொருளைக் காட்டி அதன் பெயரைக் கேட்பது ஒன்றே வழி. ஒருமுறை அவர் ஓர் இலையைக் காட்டிப் பலரிடம் அதன் பெயரைக் கேட்டார். ஒவ்வொருவரும் வெவ்வேறு சொல்லைக் கூறினர். பிறகுதான் உண்மை விளங்கியது. ஒருவர் அந்தச் செடியின் பெயரைச் சொல்லியிருந்தார். மற்றொருவர் பச்சை நிறத்தைக் குறிக்கும் சொல்லைக் கூறியிருந்தார். இன்னொருவரோ, தரையிலிருந்து எடுத்த அந்த இலை அழுக்கானது என்று கூறியிருந்தார். யாருடைய விடையும் தவறன்று. கேட்டவர்தாம் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணால் காணும் பொருளுக்கே இந்த நிலை என்றால், நன்மை, தீமை போன்ற கருத்துகளுக்குரிய சொற்களை அறிவது எவ்வளவு கடினம்! மேலும், அடுத்தடுத்த ஊர்களிலேயே வெவ்வேறு மொழிகள் பேசப்பட்டன. மக்லாய் ஒரு சொல்லைப் பலரிடம் பலமுறை கேட்டுச் சரிபார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார்.

சொற்களைப் போலவே கலைகளையும் அவர் கண்ணும் கருத்துமாகப் பதிவு செய்தார். அம்மக்களிடம் அப்போது இரும்புக் கருவிகள் இல்லை. கற்கோடரி, கூர்மையான எலும்பு, சிப்பி ஓடு ஆகியவற்றைக் கொண்டே மரத்தைச் செதுக்கினர். 'தெலும்' எனப்படும் மனித உருவச் சிற்பங்கள் அவர்களுடைய கூடங்களில் நின்றன. மக்லாய் அவற்றை அளந்து, ஓவியமாக வரைந்து, ஊர்ப் பெயரோடு குறித்துவைத்தார். மூங்கில் சீப்பின் வேலைப்பாட்டையும் மரக் கிண்ணத்தின் வடிவத்தையும்கூட விட்டுவைக்கவில்லை. அப்பகுதியில் கண்ட சில ஓவியங்கள் வெறும் அலங்காரம் அல்ல. நடந்த நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்தும் படக் குறிப்புகள் என்பதையும் அவர் புரிந்துகொண்டார். எழுத்து இல்லாதவர்கள் என்று உலகம் எண்ணியவர்கள், தமக்கே உரிய முறையில் வரலாற்றைக் காத்து வந்தனர்.

15 மாதங்களுக்குப் பிறகு, 1872ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மற்றொரு ரஷ்யக் கப்பல் அவரைத் தேடி வந்தது. அவர் இறந்துவிட்டதாக ரஷ்ய நாளிதழ்கள் செய்தி வெளியிட்டிருந்தன. உயிரோடு இருந்த மக்லாயைக் கண்டு மாலுமிகள் வியந்தனர். ஊர் மக்களோ அவரைப் போக வேண்டாம் என்று வேண்டினர். மீண்டும் வருவதாக வாக்களித்து அவர் விடைபெற்றார்.

இதன் பின்னரே அவருடைய கவனம் மலாய்த் தீபகற்பத்தின் பக்கம் திரும்பியது. அந்நாளில் ஜொகூரை ஆண்டவர் மகாராஜா அபு பக்கார். பின்னாளில், 1885இல், சுல்தான் என்னும் பட்டம் பெற்றவரும் அவரே. மகாராஜா மக்லாயை விருந்தினராக வரவேற்றுப் பயணத்திற்கு உதவினார். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் புறப்பட்ட மக்லாய் மூவார் ஆற்றுப் பகுதியிலிருந்து எண்டாவ் வரை ஜொகூரின் உட்பகுதியைக் கடந்து, 1875ஆம் ஆண்டு பிப்ரவரியில் திரும்பினார். வெள்ளம் சூழ்ந்த காட்டில் இடுப்பளவு நீரில் நடக்க நேர்ந்தது. காய்ச்சலும் அட்டைக் கடியும் அவரைத் தடுக்கவில்லை.

ஜொகூர்க் காட்டில் வாழ்ந்த பூர்வக்குடி மக்களுள் பெரும்பாலோர் அப்போதே மலாய்மொழி பேசத் தொடங்கியிருந்தனர். முதியவர்கள் சிலருக்கு மட்டும் முன்னோர் மொழியின் சில சொற்கள் நினைவிருந்தன. இளையோர் அவற்றை அறியவில்லை. மக்லாய் அம்முதியவர்களின் அருகில் அமர்ந்து, பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார். 1875ஆம் ஆண்டு ஜூனில் இரண்டாவது பயணத்தைத் தொடங்கினார். பகாங், திரெங்கானு, கிளந்தான் எனத் தீபகற்பத்தின் வடக்கு வரை சென்றார். அங்கே தம் தாய்மொழியைப் பேசி வந்த பூர்வக்குடிகளிடமும் சொற்களைத் திரட்டினார். ஜொகூர் முதியவர்களின் சொற்களுக்கும் வடக்கே வழங்கிய சொற்களுக்கும் இடையே ஒற்றுமை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இச்சொற்பட்டியலும் பயணக் குறிப்பும் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை 1878இல் வெளியிடத் தொடங்கிய ஆய்விதழின் முதல் இதழ்களில் இடம்பெற்றன.

அவர் எழுதியதைப் போலவே எழுத மறுத்ததும் குறிப்பிடத்தக்கது. 1874இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகி, மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷாரின் செல்வாக்கு வளர்ந்துகொண்டிருந்தது. உட்பகுதிப் பாதைகளையும் ஆட்சியாளர்களின் நிலையையும் நேரில் கண்டவர் மக்லாய். அச்செய்திகள் அதிகாரிகளுக்குப் பொன் போன்றவை. ஆனால், தம்மை நம்பி வழிகாட்டிய, உணவளித்த மக்களுக்கு எதிராக அவை பயன்படக்கூடும் என்று அவர் அஞ்சினார். ஆகவே, அவற்றை வெளியிட மறுத்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. அறிவைத் தேடுபவருக்கு அறிவைக் காக்கும் பொறுப்பும் உண்டு என்பதைச் செயலால் காட்டினார்.

வாக்களித்தபடியே 1876ஆம் ஆண்டு ஜூனில் மக்லாய் நியூ கினிக் கரைக்குத் திரும்பினார். இம்முறை போங்கு என்னும் ஊருக்கு அருகில் வீடு அமைத்து, 1877 நவம்பர் வரை வாழ்ந்தார். சோளம், பூசணி, தர்ப்பூசணி முதலியவற்றை அம்மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். கோடரியைக் குறிக்கும் ரஷ்யச் சொல் அவர்களுடைய மொழியில் இன்றும் சிறிது மாறிய வடிவில் வழங்குகிறது. அவர் அவர்களது சொற்களை ஏட்டில் எழுதிச் சென்றார். அவர்களோ அவரது சொல்லைத் தம் நாவில் ஏந்திக்கொண்டனர்.

தம் ஆய்வின் வழியாக, பாப்புவா மக்களின் உடலமைப்பைப் பற்றி ஐரோப்பாவில் நிலவிய தவறான கருத்துகளை அவர் மறுத்தார். அவர்களுடைய தலைமுடி கொத்துக் கொத்தாக முளைக்கிறது என்ற கூற்றும் அவற்றுள் ஒன்று. தீவு மக்களை ஏமாற்றியும் கடத்தியும் தோட்ட வேலைக்குக் கொண்டு சென்ற வணிகத்தை எதிர்த்துப் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். 1884இல் ஜெர்மனி நியூ கினியின் வடகிழக்குப் பகுதியைத் தனதாக்கிக்கொண்டபோது, அதனை எதிர்த்து ஜெர்மானியப் பிரதமர் பிஸ்மார்க்கிற்குத் தந்தி அனுப்பினார். அந்த முயற்சி பலிக்கவில்லை. தனி மனிதரின் குரல் பேரரசுகளின் செவியில் ஏறவில்லை.

இதற்கிடையே சிட்னி நகரில் வாழ்ந்த மக்லாய், 1881இல் அங்கே கடல் உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். 1884இல் மார்கரெட் என்பவரை மணந்தார். தாம் திரட்டிய பொருள்களைச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள அறிவியல் கழகத்திற்கு அளித்தார். நெடுநாள் நோயால் நலிந்த அவர், 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தமது 41ஆம் வயதில் அந்நகரிலேயே காலமானார். அவருடைய நியூ கினி நாட்குறிப்பு 1923இல்தான் நூலாக வெளிவந்தது. அவர் பிறந்த ஜூலை 17ஆம் நாளை ரஷ்ய இனவியல் அறிஞர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

மக்லாயின் முடிவுகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவதில்லை. தீபகற்பப் பூர்வக்குடிகளை நியூ கினி மக்களின் இனத்தோடு தொடர்புபடுத்த அவர் முயன்றார். செமாய், தெமியார், மா மெரி போன்ற மொழிகள் ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பிற்கால ஆய்வுகள் நிறுவின. அவர் காலத்துப் பயணிகள் இம்மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய சில பெயர்கள் இழிவானவை என்பதால் கைவிடப்பட்டன. இன்று ஓராங் அஸ்லி என்பதே மதிப்புக்குரிய பெயர். ஆய்வு முறையும் மாறியுள்ளது. ஒரு சமூகத்தின் மொழியையோ கலையையோ பதிவு செய்ய அச்சமூகத்தின் இசைவு வேண்டும். பதிவின் பயன் அவர்களுக்கும் சேர வேண்டும் என்பது இக்கால நெறி.

ஜொகூரில் இன்று ஜகூன், ஓராங் செலேத்தார், ஓராங் குவாலா, ஓராங் கனாக் ஆகிய பூர்வக்குடிக் குழுக்கள் வாழ்கின்றன. இவற்றுள் ஓராங் கனாக், நாட்டின் மிகச் சிறிய பூர்வக்குடிக் குழுக்களுள் ஒன்று. சிலாங்கூரின் கேரித் தீவில் மா மெரி மக்களும் பகாங்கில் ஜா ஹுட் மக்களும் ஆவிகளின் உருவங்களை மரத்தில் செதுக்கும் கலையைக் காத்து வருகின்றனர். ஒவ்வொரு சிற்பத்திற்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லும் மொழி மறைந்தால், சிற்பம் வெறும் மரமாகிவிடும்.

மொழி ஒரே நாளில் மறைவதில்லை. பாட்டிக்குத் தெரிந்த சொல் பேத்திக்குத் தெரியாமல் போவதில்தான் அது தொடங்குகிறது. நம் இல்லங்களிலும் இதைக் காணலாம். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோர் நாள்தோறும் வழங்கிய பெரட்டு, ஆயாக்கொட்டகை, லயம் போன்ற சொற்களின் பொருளை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து, பொறுமையாகக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க நெடும்பயணம் எதுவும் தேவையில்லை.