குழந்தை மனம் கண்ட மருத்துவர்

செடி வாடினால் உழவன் அதன் இலையை மட்டும் நோக்கான். வேர் ஊன்றிய நிலத்தையும் நோக்குவான். அவ்வாறே, குழந்தை காரணமின்றி அஞ்சினாலும், பொய் கூறினாலும், பிறரை அடித்துத் துன்புறுத்தினாலும், அது வளரும் இல்லத்தையும் நோக்குதல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து, பெற்றோரையும் ஆசிரியரையும் தம் மருத்துவத்திற்குத் துணையாகக் கொண்ட பேரறிஞர் ஆல்பிரெட் அட்லர் ஆவார்.

அட்லர், ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவை அடுத்த ஓர் ஊரில் 1870ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் பிறந்தார். தந்தையார் லியோபோல்டு தானிய வணிகர். இளமையில் அட்லரின் உடல் நலிவுற்றிருந்தது. எலும்புகள் வலுவிழக்கும் ரிக்கட்ஸ் என்னும் நோய் அவரைப் பற்றியது. தமையன் ஓடி ஆடுவதைக் கண்டு அவர் ஏங்கி அமர்ந்திருப்பார். அவருக்கு நான்கு வயதளவில், அருகில் படுத்திருந்த தம்பி தொண்டை அடைப்பான் நோயால் உயிர் நீத்தான். அடுத்த ஆண்டில் அட்லரையே நிமோனியாக் காய்ச்சல் வாட்டியது. பிழைத்தல் அரிது என்று மருத்துவர் கைவிட்டும் அவர் பிழைத்தெழுந்தார். தாமும் மருத்துவராதல் வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டார்.

பள்ளியில் அவருக்குக் கணக்குப் பாடம் வேம்பாயிற்று. இவனுக்குப் படிப்பு ஏறாது, செருப்புத் தைக்கும் தொழிலில் சேர்த்துவிடுக என்று ஆசிரியர் தந்தையாருக்கு அறிவுரை கூறினார். தந்தையார் அதனை ஏற்றிலர். மகனைச் சினவாமலும் இகழாமலும் ஊக்கமூட்டினார். சிறுவன் முயன்று கற்றான். ஒரு நாள் ஆசிரியரே விடை காணாது திகைத்த கணக்கொன்றை அவன் எழுந்து விடுவித்தான். அன்று முதல் கணக்கில் சிறந்து விளங்கினான். இந்நிகழ்ச்சியை அட்லர் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்தார். குழந்தைக்குத் தேவை மருந்தினும் ஊக்கமே என்பதை, அவர் நூல்களில் கற்பதற்கு முன்னரே தம் இல்லத்தில் கற்றார்.

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1895இல் மருத்துவப் பட்டம் பெற்ற அட்லர், முதலில் கண் மருத்துவராகவும், பின்னர்ப் பொது மருத்துவராகவும் தொழில் புரிந்தார். உடலின் குறை உள்ளத்தை எவ்வாறு தாக்குகின்றது என்னும் ஆராய்ச்சி அவரைக் கவர்ந்தது. 1902இல் உளநூல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் குழுவிற் சேர்ந்தார்; கருத்து வேறுபாட்டால் 1911இல் பிரிந்து, தமக்கென ஓர் உளநூல் நெறியை வகுத்தார். தாழ்வு மனப்பான்மை என்று இன்று நாம் வழங்கும் கருத்தை உலகறியச் செய்தவர் அவரே.

முதல் உலகப்போர் 1918இல் முடிந்தபோது வியன்னா பசியாலும் பிணியாலும் நலிந்து கிடந்தது. தந்தையரை இழந்த குழந்தைகள் பலர். நகராட்சி கல்விச் சீர்திருத்தத்தில் முனைந்த அக்காலத்தில், அட்லர் குழந்தை நல அறிவுரை நிலையங்களைத் தொடங்கினார். நாளடைவில் ஏறத்தாழ 30 நிலையங்கள் அந்நகரில் எழுந்தன. ஏழை எளியவரிடம் அங்குப் பொருள் பெறுவதில்லை.

அந்நிலையங்களில் நடந்த முறை புதுமையானது. முதலில் ஆசிரியர் குழந்தையின் நிலையை எடுத்துரைப்பார். அட்லர் அதனைக் கேட்டு, கூடியுள்ள பிற ஆசிரியர்களுடன் ஆராய்வார். பின்னர்த் தாயையோ தந்தையையோ அழைத்து, குற்றம் சாட்டாமல், நண்பர்போல் உரையாடுவார். இறுதியிற் குழந்தை வரும். அதனோடு அவர் பேசுவது சில நிமிடங்களே. குழந்தை நாள்தோறும் வாழ்வது மருத்துவரிடம் அன்று, பெற்றோரிடமே. ஆதலின் பெற்றோர் மாறினாலன்றிக் குழந்தை மாறாது என்பது அவர் கொள்கை.

இருளைக் கண்டு அஞ்சும் ஒரு குழந்தையைக் கருதுவோம். அது இரவில் அலறும். தாய் ஓடிவந்து விடியுமளவும் அருகில் இருப்பாள். அலறினால் தாய் வருவாள் என்று கண்ட குழந்தை மறுநாளும் அலறும். அன்பினாற் செய்யும் செயலே அச்சத்திற்கு உரமாகின்றது. அதட்டினாலோ அச்சம் பெருகும். ஆகவே, அதட்டாமலும் அடிபணியாமலும் சிறிது சிறிதாகத் தனித்திருக்கப் பழக்குக. பகலில் தானே செய்யத்தக்க பணிகளைத் தந்து, செய்தபோது பாராட்டுக என்பதே அட்லர் காட்டிய வழி. தம்பி பிறந்தபின் முரடனாகும் மூத்த பிள்ளையையும் அவர் தண்டிக்கச் சொல்லவில்லை. தன் அரியணை பறிபோயிற்று என்று அவன் வருந்துகின்றான். குழந்தையைப் பேணுவதில் அவனுக்கும் ஒரு பங்கு தருக என்றார்.

1934இல் ஆஸ்திரியாவில் ஆட்சி மாறியது. நிலையங்கள் மூடப்பட்டன. அட்லர் அமெரிக்காவிற் குடியேறினார். அவர் வாழ்வின் இறுதி ஆண்டு துயரம் மிக்கது. சோவியத் நாட்டில் வாழ்ந்த மூத்த மகள் வாலண்டைனைப் பற்றிய செய்தி 1937இல் நின்றுபோயிற்று. அவள் சிறைப்பட்டதை அவர் அறியார். எத்தனையோ பெற்றோரின் கவலையைத் தணித்தவர், தம் மகளை எண்ணி உறக்கமிழந்தார். அவ்வாண்டு மே 28ஆம் நாள், ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில், காலையில் உலவும்போது தெருவிலேயே மாரடைப்பால் மறைந்தார். நெடுங்காலம் இருக்குமிடம் அறியப்படாதிருந்த அவர் சாம்பல், 2011இல் வியன்னா சேர்ந்தது.

குழந்தையின் இயல்பில் பிறவிக் கூறுகளும் பங்கு கொள்கின்றன என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆதலின் எல்லாக் குறைக்கும் பெற்றோரே காரணர் என்று பழித்தல் பொருந்தாது. ஆயினும், குழந்தைகளின் முரட்டு நடத்தையை மாற்றப் பெற்றோரைப் பயிற்றுவித்தல் சிறந்த முறைகளுள் ஒன்றென்பது இன்று பல ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. அச்சம் நீக்கும் மருத்துவத்திலும் பெற்றோர் துணையாகின்றனர்.

கணக்கு வாராத மகனைக் கைவிடாத ஒரு தானிய வணிகரின் ஊக்கம், பல்லாயிரம் இல்லங்களுக்கு மருந்தாயிற்று. தளர்ந்த குழந்தைக்கு, உன்னால் இயலும் என்னும் நம்பிக்கையைத் தருதலினும் சிறந்த கொடை வேறில்லை.