சந்து செய்த சான்றோர் கோவூர் கிழார்

சோழர்குடி சேரரையும் பாண்டியரையும் வென்ற செய்திகளைப் பாடிய புலவர் பலர். அக்குடி தன்னையே முற்றுகையிட்டுத் தன் மதிலையே தான் முட்டிய செய்தியைப் பாடியவர் மிகச் சிலர். வெற்றியைப் பாடினால் யானை கிடைக்கும், பொற்றாமரை கிடைக்கும். குடிக்குள் மூண்ட பகையைப் பாடினால் கிடைப்பது என்னவென்று யாரும் உறுதி சொல்ல இயலாது. இரு திறத்தாரின் வெறுப்பும் சேர்ந்து வரலாம். உயிரே போகவும் கூடும். அந்நிலையிலும் வாய் திறந்தவர் கோவூர் கிழார்.

இவரது இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. கோவூர் என்பது ஊர். கிழார் என்பது நிலமுடைய பெருமக்களுக்குரிய சிறப்புப் பெயர். ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார், ஐயூர் மூலங்கிழார் எனச் சங்கச் சான்றோர் பலர் இவ்வாறே ஊரால் அறியப்பட்டனர். 1894ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபின், ஏட்டுக்குள் இருந்த இவரது வாழ்க்கை கற்பார் அனைவர்க்கும் காணக் கிடைத்தது. புறநானூற்றில் 15 பாடல்கள், குறுந்தொகையில் ஒன்று, நற்றிணையில் ஒன்று என்பன இவர் விட்டுச்சென்ற செல்வம். புறப்பாடல்களின் கீழே பழையோர் எழுதிவைத்த குறிப்புகளே இவரது வாழ்க்கை வரலாற்றுக்கு ஏடும் எழுத்தும் ஆகின்றன. யாரை, எங்கே, எந்நிலையில் பாடினார் என்பதை அக்குறிப்புகள் சுருங்கச் சொல்கின்றன. அச்சுருக்கத்தில் அடங்கியிருக்கும் துணிவு பெரிது.

கோவூர் கிழார் யார் பக்கத்து மனிதர் என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். அவர் சோழன் நலங்கிள்ளியின் புலவர். புறநானூற்றின் 31, 32, 33ஆம் பாடல்கள் மூன்றும் தொடர்ந்து அவனையே பாடுகின்றன. அறத்தின் பின்னே பொருளும் இன்பமும் வருவதுபோல, அவன் குடையின் பின்னே மற்றை இருவேந்தர் குடைகளும் வருகின்றன என்று உவமை காட்டியவர் இவர். வஞ்சியையும் மதுரையையும் பரிசிலாகக் கொடுத்துவிடக் கூடியவன் என்றும், குயவன் சக்கரத்தில் வைத்த மண்போல நாடு அவன் எண்ணியபடி வடிவம் கொள்ளும் என்றும் புகழ்ந்தார். பாண்டிய நாட்டில் ஏழெயில் என்னும் அரணைக் கைக்கொண்டு அதன் கதவில் புலியைப் பொறித்த ஆற்றலையும் பாடினார். 382ஆம் பாடலிலோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தாம் நலங்கிள்ளியை விரும்பி வாழும் பொருநர் என்றும், பிறரைப் பாடிப் பரிசில் பெற விரும்பாதவர் என்றும் வெளிப்படச் சொல்கின்றார். கிள்ளிவளவனையும் பின்னர்ப் பாடினாரே என்று கேட்கலாம். புலவர் வாழ்க்கை அத்தகையது. ஆயினும் அவர் நெஞ்சம் நலங்கிள்ளியிடம் இருந்தது என்பதில் ஐயம் இல்லை. பின்னால் அவர் செய்த செயலின் அருமை இதை வைத்தே அறியப்படும்.

நலங்கிள்ளி எத்தகையவன்? அவனும் புலவனே. அவன் பாடிய வஞ்சினப் பாட்டு புறநானூற்றில் 73ஆம் பாட்டாக நிற்கின்றது. மெல்ல வந்து தன் அடி பணிந்து ஒருவன் இரந்து நின்றால் அரசுரிமையைக் கொடுப்பதும் தனக்கு எளிது, இன்னுயிரே ஆயினும் கொடுப்பேன் என்கின்றான். தன் ஆற்றலை மதியாது இகழ்ந்தவனோ, உறங்கும் புலிமேல் இடறி விழுந்த குருடன்போல உய்ந்து போதல் அரிது என்கின்றான். ஈகையும் இறுமாப்பும் ஒரே மூச்சில் வெளிப்படும் பாட்டு அது. கேட்டால் நாட்டையே தருவான். கேட்காமல் வைத்துக்கொண்டால் ஒரு கோட்டையையும் விடான்.

அவனுக்கு எதிர்நின்றவன் நெடுங்கிள்ளி. இருவரும் கிள்ளிகள்; ஆத்தி சூடும் ஒரே குடியில் தோன்றியவர்கள். பங்காளிக் காய்ச்சல் அக்குடிக்குப் புதியதன்று. தன் மக்கள்மேலேயே படைகொண்டு எழுந்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்து நிறுத்தியதைப் புறநானூறு கூறும். சேரன் செங்குட்டுவன் தன் மைத்துனச் சோழனுக்காக ஆத்தி மாலை அணிந்த ஒன்பது மன்னரை நேரிவாயிலில் வென்றதைச் சிலப்பதிகாரம் கூறும். ஒரு குடியில் ஒன்பதின்மர் ஒருவனை ஏற்க மறுத்தனர் என்றால், அரியணைக்கு உரிய பிள்ளைகள் பலராக இருந்த வீட்டின் நிலையை உய்த்துணரலாம். வெளியிலிருந்து ஒரு சேரன் வந்து சோழர் வீட்டுப் பூசலைத் தீர்க்கவேண்டியதாயிற்று.

நலங்கிள்ளியின் படை ஆவூரைச் சூழ்ந்தது. நெடுங்கிள்ளி வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். முற்றுகைப் போர் என்பது வாளால் மட்டும் நடப்பதன்று. வெளியே நிற்பவன் காத்திருக்கின்றான். உள்ளே இருப்பவனும் காத்திருக்கின்றான். இருவர் காத்திருப்புக்கும் விலை கொடுப்பவர் ஊர்மக்கள். கோவூர் கிழார் அந்த ஊரைத் தம் 44ஆம் பாட்டில் காட்டியிருக்கின்றார். களிற்று யானைகள் தம் பிடிகளோடு குளத்தில் இறங்கி நீராடவில்லை. அவற்றுக்கு நெய் மிதித்த சோற்றுக் கவளம் இல்லை. கட்டுத்தறியை இழுத்து வருத்தி, துதிக்கை நிலத்தில் புரள, வெப்பமான பெருமூச்செறிந்து, இடிபோல முழங்குகின்றன. குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. பெண்டிர் பூவில்லாத வெறுங்கூந்தலை முடித்துக் கொள்கின்றனர். வீடுகளில் நீர் இல்லை என்று அழும் ஓசை கேட்கின்றது.

இதனைப் படிப்போர்க்கு இவரது குறுந்தொகைப் பாட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. அங்கே தெளிந்த நீரைப் பருகிய ஆண்மான் தன் துணையோடு துள்ளி விளையாடும். கார்காலம் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை என்று தலைவி நோவாள். அகத்தில் துணையோடு துள்ளும் மானைக் கண்ட அதே கண்தான், புறத்தில் பிடியோடு நீராட இயலாத களிற்றைக் கண்டது. போரின் கொடுமையைச் சொல்லத் தொடங்கும்போது பிணங்களை எண்ணாமல், நீராடாத யானையையும் பூ வைக்காத கூந்தலையும் எண்ணியது இவரது தனிப்பண்பு.

அக்காட்சியைக் காட்டியபின் நெடுங்கிள்ளியிடம் பேசுகின்றார். அறவழியை நாடுவாயாயின் இக்கோட்டை உனக்கே என்று நலங்கிள்ளிக்குக் கதவைத் திற. மறவழியை நாடுவாயாயின் போருக்கென்று திற. இரண்டும் செய்யாமல் திண்ணிய கதவை அடைத்து நெடுமதிலின் ஒரு மூலையில் ஒடுங்கியிருத்தல் எண்ணிப் பார்த்தால் நாணத்தக்கது என்பது அவர் கூற்றின் சாரம். நேர்மையான பேச்சுத்தான். ஆனால் ஒருசார்பான பேச்சு. இரு வழியிலும் கதவைத் திறக்க வேண்டியவன் நெடுங்கிள்ளியே. நலங்கிள்ளி ஓர் அடியும் பின்வாங்க வேண்டியதில்லை. நாணச் செய்யப்படுபவனும் நெடுங்கிள்ளி ஒருவனே. நலங்கிள்ளியின் வஞ்சினத்தை அறிந்த புலவர், அவ்வஞ்சினத்துக்கு ஏற்ப எதிரியைப் பணியச் சொல்கின்றார். குழந்தையின் அழுகைக்கு வெளியே சூழ்ந்திருப்பவனும் காரணம் அல்லனோ என்னும் வினா அப்பாட்டில் எழவில்லை.

நாணம் என்னும் கருவியை அவர் கையாண்டதற்குக் காரணம் உண்டு. அக்குடியில் நாணம் முற்றும் மாய்ந்துவிடவில்லை. நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தான் புலவர் தாமப்பல் கண்ணனாரோடு வட்டாடியபோது, புலவர் வட்டைக் கைக்குள் மறைக்க, சினந்து அதனால் அவரை எறிந்தான். நீ சோழன் மகன் அல்லை என்று புலவர் சொன்ன அளவில் நாணித் தலைகுனிந்தான். ஆடலில் செய்த பிழைக்கு நாணிய குடி அது. ஆட்சி என்று வந்தபோது அந்நாணம் அத்துணை எளிதில் வரவில்லை.

ஆவூரில் பாடிய பாட்டோடு பகை ஒழிந்துவிடவில்லை என்பதற்கு அடுத்த பாட்டே சான்று. 45ஆம் பாட்டில் களம் உறையூர். சோழரின் தலைநகரம் அது. அங்கும் நலங்கிள்ளி சூழ்ந்திருக்கின்றான். அங்கும் நெடுங்கிள்ளி அடைத்திருக்கின்றான். ஆவூரின் அவலம் தலைநகருக்கே வந்துவிட்டது. கோவூர் கிழார் மீண்டும் இடையே வந்து நிற்கின்றார். ஆனால் இப்போது வந்தவர் ஆவூரில் பேசிய அதே மனிதர் அல்லர் என்று சொல்லும் அளவுக்கு அவர் பேச்சு மாறியிருக்கின்றது.

பூவில் தொடங்குகின்றார். உன்னோடு போரிடுபவன் சேரனின் பனம்பூவை அணிந்தவன் அல்லன். பாண்டியனின் வேப்பம்பூவை அணிந்தவனும் அல்லன். உன் தலையில் இருப்பதும் ஆத்தி, அவன் தலையில் இருப்பதும் ஆத்தி என்கின்றார். மதிலை வளைப்போர் உழிஞை சூடுவதும் காப்போர் நொச்சி சூடுவதும் புறத்திணை வழக்கு. போர்ப்பூவை வைத்துப் பார்த்தால் அங்கே இரு கட்சிகள் உண்டு. புலவர் போர்ப்பூவைப் பாராமல் குடிப்பூவைப் பார்க்கின்றார். அப்போது அங்கே ஒரே கட்சிதான் தெரிகின்றது. உங்களுள் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. ஆகவே உங்கள் செயல் குடிக்குத் தகுவதன்று. உங்களைப் போன்ற பிற வேந்தர்க்கோ உடல் பூரிக்கும் உவகையைத் தருவது இப்போர் என்று முடிக்கின்றார். தொடக்கத்தில் களத்தில் இல்லை என்று சொல்லப்பட்ட பனையும் வேம்பும், முடிவில் தொலைவிலிருந்து மகிழ்வனவாக மீண்டும் வந்து நிற்கின்றன.

இப்பாட்டில் நீ என்று விளிக்கப்படுபவன் யார்? சூழ்ந்திருப்பவனுக்கும் அது பொருந்தும், அடைத்திருப்பவனுக்கும் பொருந்தும். பின்னர் அதுவே நீங்கள் என்று பன்மையாகிவிடுகின்றது. கதவைத் திற என்னும் கட்டளை இல்லை. யார் பக்கம் அறம் என்னும் தீர்ப்பு இல்லை. மூத்தவன் யார், உரிமை யாருக்கு என்னும் வழக்காராய்ச்சி இல்லை. நிலமுடைய குடியில் பிறந்தவர்க்குப் பாகப்பிரிவினைப் பூசலின் தன்மை தெரிந்திருக்கும். உரிமையைப் பேசத் தொடங்கினால் அப்பேச்சுக்கு முடிவு இராது. பிறரைப் பாடேன் என்று சொன்ன அதே புலவர், தம் புரவலன் பெயரையும் சொல்லாமல் அவன் பகைவன் பெயரையும் சொல்லாமல் குடியின் பெயரால் மட்டும் பேசுகின்றார். ஆவூரில் நலங்கிள்ளியின் புலவராக நின்றவர், உறையூரில் இருவருக்கும் புலவராகிவிட்டார். ஆவூரில் தம் சொல் பயன்படாது போனதிலிருந்து அவர் இதனைக் கற்றிருக்க வேண்டும்.

குடிப்போர் எதையெல்லாம் கெடுக்கும் என்பதற்கு 47ஆம் பாட்டு எழுந்த நிகழ்ச்சி ஒரு சான்று. இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் புகுந்தான். பரிசில் நாடிப் புலவர் ஓரவையிலிருந்து மற்றோரவைக்குச் செல்வது அந்நாளில் அன்றாட வழக்கம். ஆனால் அச்சத்தில் அடைபட்ட ஊருக்கு வருபவர் எல்லாரும் ஒற்றரே. நெடுங்கிள்ளி அவனைக் கொல்லத் துணிந்தான். அவனுக்காகப் பேசியவர், நலங்கிள்ளியின் புலவர் என்று நாடறிந்த கோவூர் கிழார். அந்த ஐயம் தம்மேலும் பாயக்கூடும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

இளந்தத்தன் ஒற்றன் அல்லன் என்று வாதாடாமல், புலவர் வாழ்க்கை இன்னது என்று எடுத்துரைத்தார். பழுத்த மரம் தேடும் பறவைபோல நெடுவழி கடந்து வள்ளல்களை நாடிச் செல்வர். பெற்றதைக் கொண்டு மகிழ்ந்து சுற்றத்தை ஊட்டுவர். சேர்த்துவைக்காமல் உண்டு, குறையாமல் கொடுத்து, தம் தகுதிக்கேற்ற சிறப்புக்காக மட்டும் வருந்துவர். கல்வியால் மாறுபட்டாரை நாணச் செய்வதன்றிப் பிறர்க்குத் தீங்கு அறியாதவர். மண்ணாளும் உன்னைப் போன்றார் பெருமை அவர்க்கும் உண்டு என்றார். கொலைவாளின் முன் நின்றுகொண்டு, கொல்ல வந்த அரசனுக்கு நிகராகப் புலவனை உயர்த்திப் பேசிய பேச்சு அது.

கிள்ளிவளவனிடமும் அவர் இப்படி ஒருமுறை நின்றார். மலையமானின் சிறுவர்களை யானையின் காலில் இட முனைந்தான் அவ்வேந்தன். புறாவின் துயரைத் தீர்த்த முன்னோன் வழியில் வந்தவன் நீ. புலவரின் வறுமை கண்டு பகுத்துண்ட குடியில் வந்தவர் இவர்கள். யானையைக் கண்டு அழுகையை மறந்து, மன்றத்தை மருண்டு பார்த்து, இதுவரை அறியாத அச்சத்தோடு நிற்கின்றார்கள். சொன்னேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று நிறுத்திக்கொண்டார். பகைவனின் பிள்ளைகளை அரசன் கண்டான். யானையை வேடிக்கை பார்க்கும் குழந்தைகளைப் புலவர் கண்டார். அந்தக் கண்ணை அரசனுக்கும் ஒரு கணம் கொடுத்தார் என்பதே அப்பாட்டின் ஆற்றல்.

நெடுங்கிள்ளியைப் பிற்காலத்தார் காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி என்றே வழங்கினர். அவன் மாய்ந்த இடமே அவன் பெயராயிற்று. அவன் அடைத்திருந்த உறையூரில் நலங்கிள்ளி அரசு வீற்றிருப்பதைக் கோவூர் கிழாரின் 68ஆம் பாட்டு காட்டுகின்றது. பசித்த பாணனை அங்கே செல்லுமாறு ஆற்றுப்படுத்துகின்றார் புலவர். பாட்டைக் கேட்டுக் கிள்ளிகள் இருவரும் போரைக் கைவிட்டனர் என்று மேடைகளில் சொல்வதுண்டு. பழங்குறிப்புகளை எழுதியோர் சொற்களை அளந்து இட்டவர்கள். மலையமான் மக்களுக்காகப் பாடிய 46ஆம் பாட்டின் கீழும், இளந்தத்தனுக்காகப் பாடிய 47ஆம் பாட்டின் கீழும், பாடி உயிரைக் காத்தார் என்று எழுதினர். ஆவூரையும் உறையூரையும் பாடிய 44, 45ஆம் பாட்டுகளின் கீழ், பாடினார் என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டனர்.