கடலோரத்தில் சரபோஜி கட்டிய மனோரா

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1777-ல் பிறந்தார். சுவார்ட்ஸ் பாதிரியார் அவருக்குக் கல்வி புகட்டினார். 1798-ல் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டே ஆட்சி கும்பெனியார் கைக்குப் போயிற்று. மன்னர் மனம் தளரவில்லை. சரசுவதி மகாலில் அரிய நூல்களைச் சேர்த்தார்.

1814-ல் மல்லிப்பட்டினம் அருகே, கடலோரத்தில் மனோராவைக் கட்டினார். ஆறு பட்டை வடிவம், எட்டு அடுக்கு. வளைவுச் சன்னல்கள் வழியே கடற்காற்று வீசும். சுழன்று ஏறும் படிகள் உண்டு. குடும்பத்துடன் மன்னர் இங்கே வந்து தங்குவார்.

ஆனால் இது எதன் நினைவாக எழுந்தது தெரியுமா? நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக! தம் ஆட்சியைப் பறித்தவர்களின் வெற்றிக்கே சின்னம் எழுப்பும் நிலை மன்னருக்கு.

1832-ல் சரபோஜி மறைந்தார். கும்பெனியும் மறைந்தது. அவர் சேர்த்த நூல்களும், கட்டிய மனோராவும் இன்றும் இருக்கின்றன.