கித்துல்கலையில் பாலம் கட்டிய டேவிட் லீன்

கஹவத்தையில் இறப்பர் தோட்டத்து லயன்களில் வளர்ந்தவர்களுக்கு ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தில் வரும் காடும் ஆறும் அந்நியமாகத் தெரியாது. கதை நடப்பது தாய்லாந்தில் என்றாலும் பாலம் கட்டியது நம் சப்ரகமுவவில், கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே. எடுத்தவர் டேவிட் லீன்.

1908 மார்ச் 25இல் லண்டனை அடுத்த குரொய்டனில் பிறந்தவர். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். அந்த வீட்டில் சினிமா பார்ப்பதே தப்பு. படிப்பும் சரியாக ஏறவில்லை. தகப்பனோடு கணக்கு வேலையில் சில காலம் இருந்துவிட்டு, 1927இல் ஒரு ஸ்டூடியோவில் தேநீர் கொண்டுபோகும் பையனாகச் சேர்ந்தார். அங்கிருந்து படத்தொகுப்பு மேசைக்கு வந்து, பத்து வருடங்களுக்கு மேல் மற்றவர்களின் படங்களை வெட்டி ஒட்டினார். காட்சியை எந்த இடத்தில் முடிக்கவேண்டும் என்பதை அங்கேதான் கற்றார்.

அந்தக் கையைப் பார்க்க விரும்பினால் 1945இல் வந்த ‘பிரீஃப் என்கவுன்டர்’ போதும். காதலர் இருவர் ரயில் நிலையத் தேநீர்க்கடையில் கடைசியாகப் பிரியும் நேரம், தெரிந்த பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறாள். ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாமல், அவன் அவளுடைய தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போகிறான். விடைபெற நேரம் கிடைக்காமல் பிரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! எங்கோ இங்கிலாந்தில் எடுத்த படம்தான், ஆனாலும் நம்மைத் தொடுகிறது.

கித்துல்கலைக்கு அவர் வந்தது 1956இல். ஊர் ஆட்களையும் யானைகளையும் கொண்டு மரப்பாலம் எழுந்தது. 1957 மார்ச் 10ஆம் திகதி, பிரதமர் பண்டாரநாயக்க முன்னிலையில் அதைத் தகர்க்க ஏற்பாடு. ஒரு கமராக்காரர் வெடிக்கும் இடத்திலிருந்து உரிய நேரத்தில் விலகவில்லை. லீன் வெடியை நிறுத்திவிட்டார். ரயில் பாலத்தைத் தாண்டிப்போய் ஒரு ஜெனரேட்டரில் மோதியது. அதைத் திருத்தி, மறுநாள் காலையில் பாலத்தை வெடிக்க வைத்தார்கள். மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சுற்றுலாவில் இந்தப் படப்பிடிப்பைக் கண்டதே தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று சொல்லிவந்தார்.

படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. எதிரிக்காகக் கட்டிய பாலத்தின்மீதே பெருமை கொண்டுவிடும் பிரித்தானியக் கேணல் பாத்திரத்தில் அலெக் கின்னஸ் அசரவைக்கிறார்.

ஆனால் அந்த ரயில்பாதையைப் போட்டவர்கள் பிரித்தானியச் சிப்பாய்கள் மட்டுமல்ல. 1942-43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்தப் பாதை சுமார் 415 கிலோமீற்றர். அதில் இறந்த நேசநாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ பல்லாயிரம். 90,000 வரை என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயா இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். கஹவத்தைக்கு வந்தவர்களைப் போலவே, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி கூட்டிச் சென்ற சனம். பெயர் எழுதிய கல்லறை வரிசைகள் கைதிகளுக்கு உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

லீனின் கதையில் அவர்கள் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்கள் கித்துல்கலையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் படம் எடுக்கப்பட்டது. பியர் பூலின் நாவலிலிருந்து வந்த கதை அது, லீன் தேடிப்போய் மறைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். என்றாலும் உலகம் அந்த ரயில்பாதையை இந்தப் படத்தின் வழியாகவே நினைவில் வைத்திருக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

பிறகு ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’ (1962), ‘டொக்டர் ஷிவாகோ’ (1965). 1970இல் ‘ரயன்ஸ் டோட்டர்’ படத்தை விமர்சகர்கள் கிழித்துப் போட்டதில் மனம் உடைந்தவர், அடுத்த படம் கொடுக்கப் பதினான்கு வருடங்கள் ஆயின. அது இந்தியாவில் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’. 1991 ஏப்ரல் 16இல் லண்டனில் இறந்தபோது இன்னொரு படத்துக்கான வேலையில் இருந்தார்.

கித்துல்கலையில் பாலத்தின் அடித்தளங்கள் இன்னும் ஆற்றோரம் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.