பெர்த்தா அம்மையார்

போர்க்களத்தில் வாளேந்தி வென்றோர் வரலாற்றை உலகம் விரும்பிப் படிக்கின்றது. அவ்வாளை உறையினுள் இடச்செய்ய உழைத்தோர் வரலாறும் நாம் அறியத்தக்கதே. அத்தகையோருள் ஒருவர் பெர்த்தா வான் சுட்னர் அம்மையார்.

அம்மையார் 1843ஆம் ஆண்டில், அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பிராக் நகரில் பிறந்தார். படைத்தலைவராய் விளங்கிய தந்தையார், மகள் பிறக்குமுன்பே மறைந்தார். தாயார் சூதாட்டத்தில் பொருளை இழந்தார். ஆகவே, உயர்குடியில் தோன்றிய பெர்த்தா, வியன்னாவில் சுட்னர் குடும்பத்துப் பெண்களுக்கு ஆசிரியையாய் அமர்ந்தார்.

1876இல் அவர் பாரிசு சென்று, ஆல்பிரட் நோபெலிடம் செயலாளராகச் சின்னாட்கள் பணிபுரிந்தார். நோபெல் டைனமைட்டு என்னும் வெடிபொருளைக் கண்டு பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவ்வாண்டிலேயே பெர்த்தா, சுட்னர் குடும்பத்து இளைஞரான ஆர்தரை மணந்து காக்கசு நாட்டிற்குச் சென்றார். எனினும், நோபெலுடன் கொண்ட நட்பு அவர்தம் இறுதிவரை நீடித்தது.

தாயகம் திரும்பிய அம்மையார், போரின் கொடுமையை விளக்க ஒரு புதினம் எழுதினார். அதற்கெனப் படைமருத்துவர் அறிக்கைகளையும் களத்தை நேரிற் கண்டோர் குறிப்புகளையும் ஆராய்ந்தார். ‘படைக்கலங்களைக் கீழே வையுங்கள்’ என்னும் அந்நூல் 1889இல் வெளிவந்தது. போர்களால் கணவரையும் உற்றாரையும் இழந்த ஒரு பெண்ணின் கதை அது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, படித்தோர் உள்ளத்தை உருக்கிற்று.

நோபெலும் போரை வெறுத்தவரே. ஆயினும், ஒரு நொடியில் இரு படைகளையும் அழிக்கவல்ல கருவி தோன்றினால், நாடுகள் அஞ்சிப் போரைக் கைவிடும் என அவர் கருதினார். அம்மையாரோ, அச்சத்தை நம்பவில்லை. நாடுகள் கூடி வகுக்கும் சட்டத்தையும் நடுவர் தீர்ப்பையுமே நம்பினார். நோபெல் தம் விருப்ப ஆவணத்தில் அமைதிக்கும் ஒரு பரிசு வைத்தமைக்கு இந்நட்பும் ஒரு காரணமாகும்.

1899இல் ஹேக் நகரில் 26 நாடுகள் கூடின. அம்மையார் அரசுப் பேராளர் அல்லர். எனினும், அங்குச் சென்று பேராளர்களைக் கண்டு அமைதிக்காக வாதாடினார். படைக்கலப் பெருக்கத்தைக் குறைக்க நாடுகள் உடன்படவில்லை. ஆயினும், நச்சுக்காற்றைப் பரப்பும் குண்டுகளும், உடலுள் விரிந்து சிதைக்கும் தோட்டாக்களும் விலக்கப்பட்டன. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையின் பெயரால் வழங்கிய தோட்டா இவ்வகையினதே. நடுவர் மன்றம் ஒன்றும் நிறுவப்பட்டது.

1905இல் அமைதிக்கான நோபெல் பரிசு அம்மையாரை அடைந்தது. அதனைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. பின்னும் அவர் ஓய்ந்திலர். வானூர்திகள் போருக்குப் பயன்படும் தீங்கை 1912இல் எடுத்துரைத்தார்.

1914 சூன் 21ஆம் நாள் அம்மையார் மறைந்தார். ஏழாம் நாள் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டார்; முதல் உலகப்போர் மூண்டது. நச்சுக்காற்று களத்தில் பரவியது. வானிலிருந்து குண்டுகள் வீழ்ந்தன. கொடிய கருவிகளைக் கண்டும் நாடுகள் அஞ்சி விலகவில்லை. உடன்படிக்கைகளும் மீறப்பட்டன.

அம்மையார் உழைப்பு வீணாயிற்றோ? அன்று. படைக்கல விற்பனையை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கை 2013இல் ஐக்கிய நாடுகள் அவையில் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எல்லா நாடுகளும் அதில் இணைந்தில. எஞ்சிய பணி, மாணவர்களே, அறிவும் அருளும் உடையோரை எதிர்நோக்கி நிற்கின்றது.